பினாயில் அக்காவும் மகளின் மூச்சும்

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஏறுகிறவர்கள் மூன்றாம் மாடி வந்துவிட்டதா என்று எண்ணைப் பார்க்கத் தேவையில்லை. கதவு திறப்பதற்கு முன்பே எலுமிச்சையும் பினாயிலும் கலந்த ஒரு வாசனை உள்ளே நுழைந்து, இறங்க வேண்டியவரை வெளியே இழுத்துக்கொள்ளும். மற்றவர்களைத் தும்மவைத்து மேலே அனுப்பும். அந்த வாசனைக்குச் சொந்தக்காரருக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் பினாயில் அக்கா. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டாவதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஊரின் பெரிய ஹோட்டல் ஒன்றில், அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். படுக்கை விரிக்கிற பையன்களும் குளியலறை தேய்க்கிற பெண்களும் அவர் காலடிச் சத்தம் கேட்டாலே துடைத்த இடத்தை இன்னொரு தடவை துடைப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் சுருக்கமானது.

"கெஸ்ட் கண்ணால பாக்க மாட்டான், மூக்கால பாப்பான். கதவைத் திறந்ததும் வாசனை வரலன்னா, நீ தரையை நாக்கால நக்கித் தொடச்சிருந்தாலும் தொடைக்கலன்னுதான் புகார் எழுதுவான்."

ஆகவே அறையைத் துடைத்து முடித்த பிறகு, கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு சுற்று வாசனை மருந்து தெளிக்க வேண்டும். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'கையெழுத்துப் போடுவது'. "எல்லா ரூமுக்கும் கையெழுத்துப் போட்டாச்சா?" என்று அவர் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து கேட்டால், மறுகோடியிலிருந்து "போட்டாச்சுக்கா" என்று இருமலோடு பதில் வரும். அந்த இருமலை அவர் வேலை நடந்ததற்கு அத்தாட்சியாகவே கருதினார்.

ஹோட்டலில் இந்தக் கொள்கையால் கெடுதல் ஒன்றும் இல்லை. கெஸ்ட் ஓரிரு நாள் தங்கிவிட்டுப் போய்விடுவான். வீட்டில் தங்குகிறவர்களுக்குத்தான் போக்கிடம் இல்லை.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பல்சக்கரங்களோடும் கிரீஸோடும் பிழைக்கிற மனிதர். மாலையில் வீடு திரும்பியதும் வாசலிலேயே செருப்பு, சட்டை, கைப்பை மூன்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, கைகளை நீட்டிக்கொண்டு நிற்பார். அக்கா ஈரத்துணியால் துடைத்து, சுற்றிவந்து பார்த்து, திருப்தியானால்தான் உள்ளே விடுவார். மனிதர் கல்யாணமான புதிதில் எதிர்த்துப் பேசியதாக ஒரு வதந்தி உண்டு. நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இவர்களுக்கு ஒரே மகள். மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறவள், மெலிந்த உடம்பு, யாரைப் பற்றியும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருக்கும் வாய். குடியிருப்பிலேயே மிகச் சுத்தமான வீட்டில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்குத்தான் குடியிருப்பிலேயே மிக மோசமான மூச்சு. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் ஒரு விசில் ஊதும். சிரித்தால் இருமல். அழுதால் அதைவிட இருமல். கீழ்வீட்டில், சுவரெல்லாம் எண்ணெய்க் கைரேகையும் தரையெல்லாம் ரொட்டித் துகளுமாகக் கிடக்கும் குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் குதிரைக்குட்டிகளைப்போல ஓடித் திரிந்தன. இந்த அநியாயத்தைக் கடவுள் எப்படிக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று அக்கா வாய்விட்டே கேட்டதுண்டு.

வீட்டில் ஆஸ்துமா என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. "லேசா வீசிங்" என்றுதான் சொல்ல வேண்டும். வீசிங் என்றால் வந்து போகிற விருந்தாளி. ஆஸ்துமா என்றால் குடிவந்தவன். பெண் பிள்ளையின் நெஞ்சில் ஒருவன் குடிவந்துவிட்டான் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள எந்தத் தாய்க்கு மனம் வரும்?

விருந்தாளி யாரோடு வருகிறான் என்ற விசாரணை மட்டும் வருடக்கணக்கில் நடந்தது. முதலில் ஐஸ் பிடிபட்டது. பிறகு மின்விசிறி. பிறகு எதிர்வீட்டுக் கிளிகள். ஜன்னல் திரைகள் கழற்றப்பட்டன. கம்பளம் வெளியேற்றப்பட்டது. மகளுடைய கரடி பொம்மை கொதிநீரில் குளித்துக் குளித்து, கடைசியில் இது எந்த மிருகம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையை அடைந்து, தானாகவே கண்ணை மூடியது. இரண்டு கண்களும் உதிர்ந்துவிட்டன. தூசுக்கு எதிரான இந்த நடவடிக்கைகளில் பாதி நியாயமானவை என்பதுதான் வேடிக்கை. எந்த டாக்டரும் தலையாட்டியிருப்பார். ஆனால் ஒவ்வொரு நடவடிக்கைக்குப் பிறகும் அக்கா அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மகள் இருமினாள். இருமினாள் என்பதால் இன்னும் நன்றாகத் துடைத்தார். துடைத்ததால் இருமினாள். நெருப்பை அணைக்க ஒருவர் கண்ணும் கருத்துமாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார், அதுவும் அளவு பார்த்து.

ஒரு வழியாக நெஞ்சு நோய் பார்க்கிற டாக்டரிடம் போனார்கள். அந்த அம்மாவுக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். ஊதச் சொன்னார், கேட்டார், தட்டினார்.

"ஆஸ்துமாதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா அலட்சியமா இருக்கக் கூடாது."

"வீசிங்தானே டாக்டர்?"

"பேரை மாத்திச் சொன்னா நுரையீரலுக்குத் தெரியவா போகுது?" என்று சிரித்துவிட்டு, மேசைமேல் இரண்டு பம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று, தினமும் காலையும் மாலையும் உள்ளே இழுக்க வேண்டியது. மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. மற்றது, திணறல் வரும்போது மட்டும். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகி, அதன் வழியாக மெதுவாக இழுக்க வேண்டும்.

பம்பைக் கண்டதும் அக்காவின் முகம் சுருங்கியது. "இது பழகிடாதா டாக்டர்? அப்புறம் இது இல்லாம இருக்க முடியாதுன்னு சொல்றாங்களே."

"யார் சொல்றாங்க?"

"எல்லாரும்."

"அந்த எல்லாரும் மூச்சு விடறதையும்தான் பழகி வெச்சிருக்காங்க. அதை நிறுத்தச் சொல்லிப் பாருங்க."

பிறகு டாக்டர் நெடுநேரம் பேசினார். புகை, தூசு, செல்லப் பிராணிகள், காட்டமான வாசனைகள், இழுத்த பிறகு வாய் கொப்புளிப்பது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்பது. நடுவே, "குழாயையும் பம்போட பிளாஸ்டிக் மூடியையும் வாரம் ஒரு தடவை கழுவிக் காய வைங்க" என்றும் சொன்னார். அந்த முழுப் பேச்சிலும் அக்காவின் காதில் ஆழமாக இறங்கிய சொல் 'கழுவி' என்பது மட்டும்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆக, இதுவும் கழுவக்கூடிய பொருள்தான். கழுவக்கூடிய எந்தப் பொருளோடும் அவருக்குப் பகை கிடையாது.

அன்று முதல் பம்ப் அவர் பொறுப்பில் வந்தது. வேளை தவறாமல் தன் கையாலேயே கொடுத்தார். மகள் தப்பாமல் இழுத்தாள். டாக்டர்கள் கனவு காணும் தாய் இப்படித்தான் இருப்பாள். ஆனால் மாதங்கள் ஓடியும் விசில் நிற்கவில்லை. மருந்து இழுத்த கையோடு இருமல் வேறு புதிதாகச் சேர்ந்துகொண்டது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். "தினமும் ஒழுங்கா எடுக்கறாளா?" என்று சந்தேகத்தோடு கேட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது. "நானே குடுக்கறேன் டாக்டர். ஒரு வேளை தவறினதில்ல." அது முழுக்க முழுக்க உண்மை.

இந்த இடத்தில் நாத்தனாரைச் சொல்லியாக வேண்டும். கணவரின் அக்கா. நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியதால், யார் தவறாகப் பேசினாலும் அவருடைய கால் தானாகவே தரையை அமுக்கும். அவருடைய வீட்டில் சோபாவில் உட்கார வேண்டுமானால் முதலில் அங்கே உட்கார்ந்திருக்கும் துணிமணிகளைக் கிளப்ப வேண்டும். பாத்திரங்கள் தேவைப்படும்போது கழுவப்படும். ஜன்னல்கள் எப்போதும் திறந்திருக்கும். காற்றோட்டத்துக்காக அல்ல, மூடுகிற கொக்கிகள் உடைந்து நாளாகிவிட்டது. பினாயில் அக்கா அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டியதில்லை. விசேஷம், விசாரிப்பு எதுவானாலும் வாசலில் நின்றே முடித்துவிடுவார். "உள்ள வாயேன்" என்றால், "இருக்கட்டும் அண்ணி, காலெல்லாம் தூசு" என்பார். யாருடைய தூசு என்று விளக்கமாட்டார்.

பள்ளி விடுமுறை வந்தபோது ஹோட்டலில் பெரிய மாநாடு ஒன்றும் வந்தது. எல்லா அறைகளும் நிரம்பி, அக்காவுக்கு வீட்டுக்கு வரவே பொழுதில்லை. கணவருக்கோ வெளியூரில் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை. வேறு வழியின்றி மகளை நாத்தனார் வீட்டில் விட்டார்கள். அக்கா ஒரு பை நிறைய விரிப்பும் தலையணை உறையும் துடைக்கிற துணியும் கொடுத்தனுப்பினார். பை, விடுமுறை முழுக்க, திறக்கப்படாமல் சோபாவின்மேல் மற்றத் துணிகளோடு சிநேகமாகிவிட்டது.

முதல் சில நாள் மகள் வழக்கம்போல இருமினாள். பிறகு இருமல் குறைந்தது. பிறகு விசில் நின்றது. பிறகு அத்தையோடு சேர்ந்து மொட்டைமாடி வரை படியேறி, மூச்சு வாங்காமல் இறங்கியும் வந்தாள். இறங்கிய கையோடு நாத்தனார் ஃபோனை எடுத்தார். நல்ல செய்தியைச் சொல்வதற்காகத்தான் எடுத்தார். ஆனால் நல்ல செய்தியையும் குத்திக் காட்டாமல் சொல்ல அவருக்குத் தெரியாது.

"உம் பொண்ணு படியேறினா. இருமல் இல்ல, ஒண்ணும் இல்ல. என் வீட்டு அழுக்கு அவளுக்கு ஒத்துக்கிச்சு போலிருக்கு."

"ஊர் மாறினா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் அண்ணி."

"ஊர் எங்க மாறிச்சு? நாலு தெருதானே."

மகள் திரும்பி வரும் நாளுக்காக அக்கா வீட்டைத் தயார்செய்தார். அண்ணி வீட்டிலிருந்து என்னென்ன ஒட்டிக்கொண்டு வருமோ என்ற பயம். சுவர், தரை, கட்டில்கால், கதவுப்பிடி எல்லாவற்றையும் இரட்டை மருந்தில் துடைத்து, குளியலறைக்கு அதைவிடக் காட்டமானதை ஊற்றி, எல்லா ஜன்னலையும் மூடி, வீடு முழுக்கக் கையெழுத்துப் போட்டார். அன்பைக் காட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வழி.

மகள் வந்து பையை வைத்தாள். அதிலிருந்த பம்பின் குழாயை அக்கா முதல் வேலையாக எடுத்துக் கழுவி வைத்தார். சாப்பிடும்போதே இரும ஆரம்பித்தாள். அக்காவின் மனதில் நாலு தெரு தள்ளியிருந்த வீடு பெரிதாக எழுந்து நின்றது.

"அங்க இருந்தவரைக்கும் வரல. இங்க கால் வெச்சதும் வருதாக்கும். வேலை சொல்வேன்னு நடிக்கறியா?"

மகள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை, விசில்தான் வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள்கள் காதுவரை ஏறின. கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொண்டது. திணறலுக்கான பம்பை அக்கா குழாயில் செருகிக் கொண்டு வந்து கொடுத்தார். இழுத்ததும் இன்னும் மோசமாக இருமினாள். நடிக்கிறவளுக்கு உதடு நீலமாகாது என்பது அக்காவுக்கே தெரியும். துடைக்காத செருப்போடு அவர் தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

அவசரப் பிரிவில் முகமூடி மாட்டி, ஆவியாக மருந்து கொடுத்து, மகளின் தோள்கள் பழைய இடத்துக்கு இறங்குவதற்குள், அக்கா பதற்றத்தில் ஃபோனில் எல்லாவற்றையும் உளறியதைக் கேட்டு நாத்தனாரும் வந்து சேர்ந்துவிட்டார். கட்டிலின் இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவர்.

"நடிக்கறான்னு சொன்னியாமே. டாக்டர்கிட்ட சொல்லி ஒரு பரிசு வாங்கிக் குடேன்" என்றார் நாத்தனார்.

அக்கா மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"இத பாரு. நான் சண்டைக்கு வரல. பிள்ளை என்கிட்டயே இருக்கட்டும். பள்ளிக்கூடம் அங்கேருந்தும் பக்கம்தான். மூச்சு வர்ற இடத்துல இருக்கட்டும்."

"பெத்தவ நான் இருக்கேன் அண்ணி."

"பெத்தது சரி. மூச்சு விட விடணும்ல."

அக்கா மகளைப் பார்த்தார். மகள் முகமூடிக்குள்ளிருந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அத்தை பக்கமாகக் கையைக் காட்டினாள். கையில் ஊசி குத்தியிருந்ததால் ரொம்பத் தூக்க முடியவில்லை. ஆனால் திசையில் குழப்பம் இல்லை. எத்தனையோ கெஸ்ட்டுகளின் புகாரைத் தாங்கியவர் அக்கா. சொந்த மகள் அறையைக் காலிசெய்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சும்மா விடுகிறவரா அவர்? நெஞ்சு டாக்டரிடமே பஞ்சாயத்தைக் கொண்டுபோனார். அண்ணி வீட்டின் துணிக்குவியலையும் கழுவாத பாத்திரத்தையும் சொன்னால், அங்கே பிள்ளையை விடக் கூடாது என்று டாக்டர் வாயாலேயே வந்துவிடும் என்பது கணக்கு. நாத்தனாரும் விடாமல் கூடவே வந்தார். நடுவில் மகள், மடியில் பம்ப் பை.

அக்கா தன் கட்சியை எடுத்து வைத்தார். மருந்துக் கணக்கு, துடைக்கிற கணக்கு, அண்ணி வீட்டு நிலவரம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாத்தனாரின் வலது கால் டாக்டர் அறைத் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு மகளிடம் கேட்டார். "உனக்கு என்ன தோணுது?"

"அத்தை வீட்டுல மருந்தோட ருசியே வேற டாக்டர்."

"ருசியா?"

"மொதல்ல வீட்டு ருசிதான் இருந்துச்சு. போகப் போக மாறிடுச்சு. அப்புறம் இருமலே வரல. இதுக்கு ருசியே கிடையாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

டாக்டர் பம்ப் பையை வாங்கினார். இழுக்கிற குழாயை எடுத்தார். வாய் வைக்கிற பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனார். முகம் சட்டென்று பின்னால் போனது. திரும்ப ஒருமுறை, இந்தத் தடவை எச்சரிக்கையோடு, முகர்ந்தார்.

"இதை எதுல கழுவறீங்க?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் காத்திருந்த கேள்வி அதுதான். "நீங்க வாரம் ஒரு தடவைன்னு சொன்னீங்க டாக்டர். நான் தினமும் ஊற வெக்கறேன். ஹோட்டல்ல நாங்க பாத்ரூமுக்குப் போடறது இருக்கே, அதே சரக்கு, தண்ணி கம்மியா கலந்து. ராத்திரி ஊற வெச்சா காலையில எடுத்துத் தொடச்சுக் குடுத்துடுவேன்."

"ஊற வெச்சப்புறம் நல்ல தண்ணியில அலசறதில்லையா?"

"அலசினா வாசனை போயிடுமே டாக்டர். அப்புறம் சுத்தமா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

நாத்தனாரின் கால்கூடத் தரையை விட்டுத் தூக்கியபடி நின்றுவிட்டது. வேறெந்த வீட்டிலும் நடக்க முடியாத தப்பு அது. சோம்பேறித் தாயாக இருந்திருந்தால் குழாயைக் கழுவ மறந்திருப்பாள், பிள்ளை பிழைத்திருக்கும். ஒழுங்குள்ள தாயாக இருந்ததால், மூச்சுக்குழாயை ஆற்றுகிற மருந்தையும் எரிக்கிற மருந்தையும் ஒரே மூச்சில், வேளை தவறாமல், பாசத்தோடு உள்ளே அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. குழாயைச் சாதாரண சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசி, துடைக்காமல் காற்றில் காய வைக்க வேண்டும் என்றார். இந்தக் குழாயை எறிந்துவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார். பினாயில், தெளிக்கிற வாசனை, குளியலறைக்கு ஊற்றும் காட்டமான சரக்கு எல்லாம் ஆஸ்துமா உள்ள நெஞ்சைச் சீண்டக்கூடியவை என்று, முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார்.

"அதாவது... என் வீடு..." என்றார் அக்கா.

"உங்க வீடு சுத்தமா இருக்கட்டும். வாசனை இல்லாம இருக்கட்டும்."

"அது ரெண்டும் எப்படி டாக்டர் ஒண்ணா இருக்கும்?" இதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

நாத்தனாரின் முகத்தில் வெற்றிப் புன்னகை பாதி மலர்ந்திருந்த நேரத்தில் டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "நீங்க ரொம்பச் சிரிக்காதீங்கம்மா. அந்தத் துணிக்குவியல்ல எவ்வளவு தூசு சேர்ந்திருக்கும்? இந்தப் பொண்ணுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல, அவ்வளவுதான். அங்க தங்கறதா இருந்தா மொதல்ல அதையெல்லாம் எடுத்து வைங்க."

"எங்க எடுத்து வெக்கறது டாக்டர்? அலமாரியிலயும் துணிதான் இருக்கு."

வீட்டுச் சுவரில் ஊறியிருக்கும் வாசனை போகும்வரை மகள் அத்தை வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. இதில் ஒரு சங்கடம். மகளைப் பார்க்க வேண்டுமானால் அக்கா அந்த வாசற்படியைத் தாண்டியாக வேண்டும். முதல் மாலை வாசலிலேயே நின்றார். மகள் உள்ளிருந்து கத்தினாள்: "அம்மா, இங்க வந்து பேசு. வாசலுக்கு வர எனக்குச் சோம்பலா இருக்கு." அத்தை வீட்டுக் காற்றின் முதல் பக்கவிளைவு. அக்கா உள்ளே போனார். துணிகளை ஒதுக்கி சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார். விட்டால் அவை தாமாகவே எதையாவது துடைக்கப் போய்விடும்.

தினமும் வந்தார். புதுக் குழாயை அண்ணி வீட்டுத் தொட்டியில், எச்சில் தட்டுகளுக்கு நடுவே இடம் பண்ணி, வெறும் சோப்புத் தண்ணீரில் கழுவினார். அலசினார். உதறி நிறுத்தி வைத்தார். மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சாமி சந்நிதியில் நிற்கிறவர்போல, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தட்டுகளையும் கழுவினார்.

"அதெல்லாம் எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்றார் நாத்தனார், எழுந்திருக்காமல்.

"சும்மா இருங்க அண்ணி. டாக்டர் உங்களையும்தான் சொன்னாங்க."

துணிக்குவியலும் மாலைக்கு ஒரு கை என்று மடிந்தது. சோபாவுக்கு என்ன நிறம் என்று நாத்தனாருக்கே அப்போதுதான் நினைவு வந்தது. அக்கா இல்லாவிட்டால் வீடு இப்படி ஆகியிருக்காது என்று அவர் ஒப்புக்கொண்டாரா என்றால், இல்லை. இத்தனை வருடம் வாசற்படி தாண்டாதவளைத் தாண்டவைத்தது என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் மாடியில் ஜன்னல்கள் திறந்தன. பாட்டில்கள் வெளியேறின. லிஃப்டில் வருகிறவர்கள் இறங்க வேண்டிய மாடியைத் தவறவிட்டு மேலே போய்த் திரும்பினார்கள். அக்கா வெறும் தண்ணீரில் தரையைத் துடைத்தார். துடைத்ததுபோலவே இல்லை என்று மறுபடி துடைத்தார். கணவர் ஒருநாள் வாசலில் கைகளை நீட்டிக்கொண்டு நின்றபோது, "வாங்க, உள்ள போய்க் கழுவிக்கங்க" என்றுவிட்டார். மனிதர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஹோட்டலில் மட்டும் எதுவும் மாறவில்லை. கெஸ்ட் இன்னும் மூக்கால்தான் பார்த்தான். மாடி மாடியாகக் கையெழுத்துப் போடப்பட்டது. ஆனால் வராந்தாவின் மறுகோடியிலிருந்து "போட்டாச்சுக்கா" என்று இருமல் வரும்போது, அக்கா இப்போது நடையை நிறுத்திக் கேட்டார். குளியலறை தேய்க்கிற ஒரு பெண்ணை அழைத்து, "எத்தனை நாளா இருக்கு இந்த இருமல்?" என்றார். அந்தப் பெண், வேலை போய்விடுமோ என்று, இருமலை விழுங்கிக்கொண்டு, "இருமல் இல்லக்கா, தொண்டைதான்" என்றாள். அக்கா அவளுக்கு முகமூடி ஒன்று கொடுத்து, குளியலறை ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பார்க்கச் சொன்னார். கையெழுத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவ்வளவு தூரம் அவர் இன்னும் வரவில்லை. வந்தால் அவருடைய வேலைதான் போகும்.

மகள் வீடு திரும்பிய அன்று ஒரு வரவேற்பும் இல்லை. அதுவே பெரிய வரவேற்பு. உள்ளே வந்தாள், நின்றாள், மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு குளித்துவிட்டு வந்து, ஈரத்துண்டைக் கட்டிலின்மேல் வீசினாள். சாக்ஸ் ஒன்று நடுக்கூடத்தில் கிடந்தது. மற்றது எங்கே என்று அதற்கே தெரியாது.

அக்கா பார்த்தார். பொறுத்தார். பொறுக்க முடியவில்லை.

"இது என்ன, உங்க அத்தை வீடா? ஈரத்துண்டைக் கொண்டுவந்து கட்டில்ல போட்டா பூஞ்சை பிடிக்காதா? யார் எடுத்து வெப்பாங்க?"

இதுவரை அந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் நடந்த சண்டைகள் எல்லாவற்றையும் அக்காதான் ஜெயித்திருக்கிறார். காரணம் எளிது: மகளுக்குப் பாதி வாக்கியத்தில் இருமல் வந்துவிடும். மீதியை அவள் முகத்தாலேயே சொல்லி முடிப்பாள்.

அன்று மகள் கூந்தலை உதறிக்கொண்டே திரும்பினாள்.

"நான்தான் எடுப்பேன், இப்பவே எடுக்கணும்னு என்ன, தலை ஈரமா இருக்குன்னு துண்டை எடுத்தேன், தலையைத் துவட்டி முடிச்சதும் கொடியில போடப்போறேன், அதுக்குள்ள உனக்கு அத்தை வீடு ஞாபகம் வந்துடுச்சு, தினமும் அங்க வந்து நாலு பஜ்ஜித் தட்டு கழுவிட்டுப் போனவ நீ, எனக்கு முன்னாடி சோபாவுல போய் உக்காந்தவ நீ, நீ அப்பா சட்டையை மடிக்காம நாற்காலியில போட்டிருக்கறதை வந்ததுமே நான் பாத்தேன், கேட்டேனா, கேக்கல, பெரியவங்கன்னு விட்டேன், சாக்ஸ் ஒண்ணு தரையில கிடந்தா வீடு இடிஞ்சா விழுந்துடும், பூஞ்சை பிடிக்க ஒரு நாள் பூரா ஆகும்மா, அறிவியல்ல படிச்சிருக்கேன், வேணும்னா புஸ்தகத்தைக் காட்டறேன், பை எந்த மூலையில இருக்குன்னுதான் தெரியல, இன்னும் சொல்லட்டா?"

அக்கா எந்த இடத்தில் இருமல் வரும் என்று காத்துக்கொண்டே கேட்டிருந்தார். வரவில்லை. விசிலும் வரவில்லை. வாக்கியம் முடிந்த பிறகும் மகளுக்கு மூச்சு மீதியிருந்தது.

கணவர் கூடத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். மனைவி தோற்றுப்போய் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"சொல்லு" என்றார் அக்கா, கட்டிலில், துண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. "இன்னும் சொல்லு."